இடது கைப் பொத்தான்

அந்த வீட்டில் அதைச் சென்சார் என்று யாரும் சொல்வதில்லை. பொத்தான் என்றுதான் பேச்சு. பேர் வைத்தவள் அவள். சலவைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, கால்சட்டைக்கு நீளம் குறைப்பதும் கோட்டுக்குப் பொத்தான் மாற்றுவதுமாகப் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, புருஷனின் இடது மேல்கையில் பின்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளை வட்டம் வேறு எப்படித் தெரியும்? மழைக்கோட்டின் பெரிய பொத்தான் அளவுதான் இருக்கும். அதனடியில் மயிரிழை போல ஒன்று தோலுக்குள் இறங்கியிருக்கிறது. உடம்பின் சர்க்கரையை ஓயாமல் அளந்து கைபேசிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அவர் கைபேசிக்கு மட்டுமா, அவள் கைபேசிக்கும், ஊரின் அந்தக் கோடியில் குடியிருக்கும் மகளின் கைபேசிக்கும் சேர்த்துத்தான்.

"இத்தனை வருஷமா என் சட்டைக்குப் பொத்தான் வச்சா. இப்ப எனக்கே வச்சுட்டா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் கையைத் திருப்பிக் காட்டுவார்.

அவளுடைய அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு, மறுநாள் மறுபடி போய்ச் சீட்டு வாங்கிவருவார். நேற்று நான் எப்படி இருந்தேன் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள், இன்றைக்கு எப்படி இருக்கிறேன் என்று யாரைக் கேட்பது என்று புலம்புவார். அதை நினைத்துக்கொள்ளும்போது அவளுக்குப் பொத்தான்மேல் மரியாதை வரும். இந்த நிமிஷத்து எண் கைக்குள் இருக்கிறது. பக்கத்தில் ஓர் அம்புக்குறி, ஏறுகிறதா, இறங்குகிறதா, நேராகப் போகிறதா என்று. ஊசிகளும் முன்னைப் போல இல்லை. வாரத்துக்கு ஒரு தரம் போட்டுக்கொள்ளும் புது ஊசி ஒன்று, சாயங்காலம் கொஞ்சம் இன்சுலின், அதோடு சரி.

பொத்தான் வந்ததே அவருடைய வேலையைக் காப்பாற்றத்தான்.

துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறவர் அவர். தரையிலிருந்து பார்த்தால் தீப்பெட்டி போலத் தெரியும் கண்ணாடி அறை ஒன்று வானத்தில் தொங்கும். அதற்குள் உட்கார்ந்து, காலுக்கடியில் இருக்கும் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தபடி, கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கி லாரிகளின் முதுகில் பூப்போல வைப்பார். ஒரு நாள் காலை, அப்போதிருந்த பழைய கணக்குப்படி இன்சுலினைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கப்பல் முன்னதாகவே வந்துவிட்டது. சாப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே ஏறினார். வேலை முடிந்து இறங்கி, ஏணிக்கு அடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. கூட வேலை செய்கிறவர்கள் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். எனக்கு ஒன்றும் இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். சர்க்கரை நாற்பதுக்குக் கீழே போயிருந்தது. ஒருத்தருக்குப் பொறி தட்டி வாயில் சர்க்கரையைக் கொட்டியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

துறைமுக டாக்டர் கண்டிப்பானவர். கண்டெய்னர் அந்தரத்தில் தொங்கும்போது இப்படி ஆனால் கீழே இருக்கிறவர்கள் கதி என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொத்தானை ஒட்டிக்கொள்ள வேண்டும், மூன்று மாதம் சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது, அந்தக் கோட்டைக் கொண்டுவந்து காட்டினால் மேலே ஏறலாம் என்றார். அதுவரை தலைக்கவசம் எடுத்துக் கொடுக்கும் கம்பிக் கூண்டில் வேலை. துறைமுகத்தில் புதிதாகத் திறக்கும் கப்பல் துறைக்குக் கிரேன் ஆள் ஒதுக்கும் நாளும் அந்த மூன்று மாதம் முடிகிற கையோடு வந்தது. அதற்குள் தேறாவிட்டால் அவருடைய இருக்கை இன்னொருவருக்குப் போய்விடும். பணி ஓய்வு வரைக்கும் கம்பிக் கூண்டுதான்.

கூண்டு வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் மனுஷன் வாடிப்போனார். முன்பெல்லாம் வேலையிலிருந்து வந்தால் மேலே இருந்து பார்த்ததைச் சொல்ல ஆயிரம் விஷயம் இருக்கும். எந்தக் கப்பலின் சமையல்காரன் காலுறையை எங்கே காயப்போட்டான், கடல் பறவை ஒன்று எந்த அதிகாரியின் தலையைக் குறிபார்த்தது என்று. இப்போது கேட்டால், "ஹெல்மெட் கொடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க" என்பார். அவ்வளவுதான்.

சாயங்காலம் மட்டும்தான் கொஞ்சம் உயிர் வரும். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் சோபாவில் உட்காருவார்கள். அவள் உட்காரும் இடம் அவருக்கு இடது பக்கம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது காது போய்விட்டது. வலது காது அவர் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காகக் கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவள் இடம். அவர் இடது கையைச் சோபாவின் முதுகின் மேல் நீட்டி வைப்பார். அவள் அந்தக் கையின் மேல் தலையைச் சாய்த்துக்கொள்வாள். தொடர் ஓடும். அவர் அவள் காதோடு வாயை வைத்துக்கொண்டு தொடருக்கு விளக்கவுரை சொல்லிக்கொண்டே இருப்பார். இந்த மாமியார் இன்றைக்கு மூன்று தரம் புடவை மாற்றிவிட்டாள், சலவைக் கூலி யார் கொடுக்கிறார்கள் என்று. அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இது என்ன கூத்து என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. அதனால் யாரும் கேட்கும்படி வைத்துக்கொள்வதில்லை. மகள் வரும் சத்தம் கேட்டால் அவள் சோபாவின் அந்தக் கோடிக்குப் போய், மடிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் எதையாவது மடித்துக்கொண்டிருப்பாள்.

பொத்தான் ஒட்டிய முதல் வாரமே அலாரம் அடித்தது.

அலாரத்துக்கு அவர் தேர்ந்தெடுத்திருந்தது கப்பல் ஊதும் சத்தம். மாமியார் நான்காவது புடவையில் வந்துகொண்டிருந்த நேரத்தில், இரண்டு கைபேசியும் சேர்ந்து துறைமுகமே வீட்டுக்குள் வந்ததுபோல ஊதின. அறுபத்தாறு. அவள் துள்ளி எழுந்து, குளிர்பெட்டியைத் திறந்து, ஜூஸ் டப்பாவைத் தம்ளரில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். எனக்கு ஒன்றும் இல்லை என்றார் அவர். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் தம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"அன்னிக்கும் ஏணிக்கு அடியில உக்காந்துகிட்டு இதையேதான் சொன்னீங்க. குடிங்க."

குடித்தார். கொஞ்ச நேரத்தில் எண் எழுபத்தைந்து ஆயிற்று, தொண்ணூறு ஆயிற்று, நூறைத் தாண்டியது. மகளிடமிருந்து போன் வந்தது. ஜூஸ் கொடுத்துவிட்டாயா, நல்ல வேளை அம்மா என்றாள். அன்றைக்கு அவள் ஒரு உயிரைக் காப்பாற்றிய நிம்மதியோடு தூங்கினாள்.

அடுத்த நாளுக்கு மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். நாளெல்லாம் ஒழுங்காகப் போகும் கோடு, சாயங்காலம் தொடர் பாதி ஓடும்போது சடாரென்று விழும். அவள் எழுந்து ஓடுவாள், ஜூஸ் கொடுப்பாள், எண் ஏறும். கிளினிக்கில் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு மறக்கவில்லை. உடம்பில் ஒரு கோளாறும் தெரியாமல் அலாரம் மட்டும் அடித்தால், முதலில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். குத்திப் பார்க்கும் சின்னப் பெட்டி குளிர்பெட்டியின் தலைமேல்தான் இருந்தது. ஆனால் நாளெல்லாம் ஊசியோடு புழங்கும் அவளுக்கு அவர் விரலில் ஊசி படுவதைப் பார்க்கக்கூட முடியாது. முதலில் ஜூஸ், மற்றதெல்லாம் அப்புறம். அந்த அப்புறம் வருவதற்குள் எண் நூறைத் தாண்டிவிடும். பிறகு எதற்குக் குத்த?

பொத்தானை மாற்றுவதும் அதனால் மகள் கையில்தான். பழையது காலாவதி ஆகும் நாளில் வந்து, அப்பாவின் கையைத் துடைத்து, படக்கென்று புதியதை அழுத்திவிட்டு, அப்பா சமர்த்து என்று சொல்லிவிட்டுப் போவாள்.

கிளினிக்கில் இவர்களைப் பார்ப்பது சர்க்கரைக்கென்றே படித்த ஒரு நர்ஸ். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை போல மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள் என்பதால் அவர் அவளுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பேர் வைத்திருந்தார். முதல் தரம் போனபோது ஹெட்மிஸ்ட்ரஸ் சாயங்கால இன்சுலினைக் குறைத்தாள். குறைத்தும் அதே நேரத்தில் அதே பள்ளம். போதாததற்கு, ஜூஸின் புண்ணியத்தில் படுக்கப்போகும் நேரத்துக்குச் சர்க்கரை இருநூறைத் தாண்டி நின்றது.

இரண்டாம் தரம் மகளும் கூட வந்திருந்தாள். நர்ஸ் கணினித் திரையை இவர்கள் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஒவ்வொரு பள்ளமாகத் தொட்டுக் காட்டினாள்.

"ஐயா, சர்க்கரை படியில எறங்கும். இது மாடியிலேர்ந்து குதிக்குது. குதிச்ச வேகத்துல மேலயும் ஏறுது. இது சர்க்கரை பண்ற வேலை இல்ல. அந்தப் பொத்தான்மேல ஏதோ கனமா அழுத்துது."

அழுத்தினால் அந்த இடத்துத் தோலுக்கடியில் நீர் ஓட்டம் குறையும், உள்ளே இருக்கும் இழை சர்க்கரை குறைந்துவிட்டது என்று ஏமாந்துபோகும், அழுத்தம் போனதும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று விளக்கினாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குத் தூக்கத்தில் இப்படி வருவது சகஜமாம். இவருக்குத் தூக்கத்தில் கோடு நேராகத்தான் இருக்கிறது. தினமும் இந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"டிவி பாக்கறோம்" என்றார் அவர்.

"டிவி கையை அழுத்தாதே. எப்படி உக்காந்து பாக்கறீங்க?"

அந்த இடத்தில்தான் அவளுக்கு விளங்கியது. சோபாவின் முதுகு, அதன்மேல் நீட்டிய கை, கையின் பின்பக்கம் பொத்தான், எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய தலை. அலாரம் அடித்ததும் அவள் எழுந்து ஓடியது. எண் ஏறியது. அத்தனை நாளும் அவரைக் காப்பாற்றியது ஜூஸ் இல்லை, அவள் எழுந்து போனதுதான். முகம் கொதித்தது. பக்கத்தில் மகள், எதிரில் மூக்குக் கண்ணாடி. அவள் கைப்பையின் வாரில் பிரிந்திருந்த நூலைத் தேடிப் பிடித்து முறுக்க ஆரம்பித்தாள். அவர் கூரையில் மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்பதுபோல அண்ணாந்து பார்த்தார்.

"சோபாவுல சாதாரணமாத்தான் உக்காந்திருக்கோம்" என்றார்.

என்னவென்று கண்டுபிடித்து நிறுத்துங்கள் என்று நர்ஸ் அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு விளங்கியதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவு காலமாக ஒரு தரம்கூடப் பேர் வைத்துப் பேசாத ஒன்றை, அலாரம் அடிக்கிற காரணமாக எடுத்துப் பேசுவதா? வலது கைக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் வலது கையில் போடு என்றால் மகள் ஏன் என்பாள். அவள் விடமாட்டாள், வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள். ஆக, அன்றைக்குச் சாயங்காலம் அவள் சத்தம் காட்டாமல் ஜன்னலோரம் இருந்த ஒற்றை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கேட்டால் முதுகுக்கு அதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

அலாரம் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. கோடு இஸ்திரி போட்டதுபோல நீளமாகப் போயிற்று. மகள் போன் பண்ணி, எப்படி அம்மா சாதித்தீர்கள் என்று கேட்டாள்.

சாதித்ததுதான். ஜன்னலோர நாற்காலிக்கு அவருடைய சோபா இடது பக்கம். அவர் என்ன சொன்னாலும் செத்த காதில்தான் போய் விழும். முதலில் சில நாள் அவர் பழக்கத்தில் ஏதோ முணுமுணுத்தார். அவள் திரும்பி, என்ன என்றாள். ஒன்றும் இல்லை என்றார். காதோடு சொல்லும்போது சிரிப்பாக இருக்கிற விஷயம், அறைக்குக் குறுக்கே கத்திச் சொன்னால் என்னவாகத்தான் இருக்கும்? பிறகு அவரும் விட்டுவிட்டார். மாமியார் அவள் பாட்டுக்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள், கேட்க நாதியில்லை. சோபாவின் முதுகில் அவர் கை மட்டும் பழைய இடத்திலேயே நீண்டு கிடந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவள் தொடரை உன்னிப்பாகப் பார்த்தாள்.

கடையில் அவளுக்குத் தப்புத் தப்பாய்த் தையல் விழுந்தது. ஒருவருடைய கால்சட்டையில் இடது காலை மட்டும் இரண்டு தரம் குறைத்துவிட்டாள். முதலாளி அம்மா அந்தக் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்து, இந்த வாடிக்கையாளர் சரிவிலேயே குடியிருக்கிறாரா என்று கேட்டாள்.

ஒரு சாயங்காலம் அவரால் தாங்கவில்லை போலிருக்கிறது. தொடருக்கு நடுவே விளம்பரம் வந்ததும் எழுந்து வந்து, அவளுடைய நல்ல காதுப் பக்கம் நின்றுகொண்டார்.

"அங்க வந்து உக்காரேன்."

"கிரேன் வேணுமா, வேணாமா?"

கேட்டபிறகுதான் அவளுக்கு உறைத்தது, விஷயம் வெளியே வந்துவிட்டது என்று. அவர் ஆச்சரியப்படவில்லை.

"ரெண்டும் வேணும்" என்றார்.

"மொதல்ல ஒண்ணு வரட்டும்."

அவர் போய் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கும் அலாரம் அடிக்கவில்லை.

மூன்று மாதம் முடிகிற வாரத்தில் கிளினிக்குக்குப் போனார்கள். மகளும் வந்தாள், அப்பா ஜெயித்துவிட்டார் என்று இனிப்பில்லாத பிஸ்கட் பாக்கெட்டோடு. நர்ஸ் திரையைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துப் பரவாயில்லையே என்றாள். பிறகு துறைமுக டாக்டருக்குப் போன் போட்டாள். பேசப் பேச அவள் முகம் மாறியது. வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

கடைசி ஒரு மாதம் சுத்தமாக இருக்கிறது, சரி. முந்தின இரண்டு மாதத்தில் இத்தனை பள்ளம் இருக்கிறதே என்கிறாராம் டாக்டர். அது பொய்ப் பள்ளம், ஏதோ அழுத்தியிருக்கிறது என்று இவள் சொன்னாளாம். எது அழுத்தியது, எப்படித் தெரியும் என்று அவர் கேட்கிறாராம். காரணத்தை எழுதி நிரூபித்து அனுப்பினால் மூன்று மாதத்தையும் ஒத்துக்கொள்வாராம், இந்த வாரமே மேலே ஏறலாமாம். இல்லாவிட்டால் கணக்கு போன மாதத்திலிருந்துதான் ஆரம்பமாம். அதற்குள் புதுத் துறைக்கு ஆள் ஒதுக்கி முடித்துவிடுவார்கள்.

"அதனால சொல்லுங்க ஐயா. என்ன அழுத்திச்சு?"

அவர் அண்ணாந்தார். மின்விசிறி பழைய இடத்தில்தான் இருந்தது.

"நாற்காலிக் கையா இருக்கும்" என்றார்.

"சோபாவுல உக்காருவோம்னு போன தடவை சொன்னீங்க."

"தலகாணியா இருக்கும்."

"அப்பா, நம்ம வீட்டு சோபாவுல தலகாணியே கிடையாது" என்றாள் மகள்.

மனுஷன் தன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. கம்பிக் கூண்டுக்குள் ஆயுசுக்கும் ஹெல்மெட் எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பாரே தவிர, மகள் முன்னால் பெண்டாட்டியைக் கூச வைக்கமாட்டார். தலகாணியாம். அவளுக்குக் கோபம் வந்தது. அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"என் தலைதான்" என்றாள்.

மகள் என்ன அம்மா என்றாள். காது மந்தம் அவளுக்கா, மகளுக்கா என்று தெரியாதபடி, இந்தத் தரம் அவள் உரக்கவே சொன்னாள்.

"என் தலை. அவர் சோபா மேல கையை நீட்டி வச்சிருப்பாரு. நான் அதுமேல சாஞ்சுகிட்டுத்தான் டிவி பாப்பேன். தெனமும். கல்யாணமானதிலேர்ந்து. இப்ப எழுதிக்கங்க."

மகள் பிஸ்கட் பாக்கெட்டால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தவள் மூடிவிட்டு யோசித்தாள். சொன்னால் போதாது, டாக்டர் நிரூபணம் கேட்கிறார் என்றாள். பொத்தான் சொல்லும் எண்ணையும் விரலில் குத்திப் பார்க்கும் எண்ணையும் ஒரே நேரத்தில் எடுத்து அனுப்பினால் யாரும் மறுவார்த்தை பேச முடியாது.

"வெளியில வராந்தாவுல சோபா இருக்கு. சாஞ்சு காட்டுங்க."

"இப்பவா?"

"டாக்டர் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவாரு."

வராந்தா சோபா நீலம், பிளாஸ்டிக் உறை போட்டது, உட்கார்ந்தால் முனகும். எதிர்வரிசையில் காலில் கட்டுப் போட்ட ஒருவர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் கல்லூரிக்குப் போகிற வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றைச் செருகியிருந்தாள். கையில் அவளுக்கும் ஒரு பொத்தான். பொத்தான் அளக்கும், பெட்டி தானே இன்சுலினைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்துக்கொள்ளும், அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று நர்ஸ் முன்பு ஒரு தரம் சொல்லியிருந்தாள். அவர் உட்கார்ந்தார். சோபாவின் முதுகில் இடது கையை நீட்டினார். அவள் உட்கார்ந்தாள். சபையில் தாலி கட்டிக்கொண்ட அன்றைக்குக்கூட இவ்வளவு கூச்சம் இருந்ததாக நினைவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தாள்.

கை அதே கைதான். சட்டையில் சோப்பு வாசனை அதே வாசனை.

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன நடக்கிறது என்று கட்டுக்காரர் கேட்க, மகள் வெட்கமே இல்லாமல் முழுக் கதையையும் சொன்னாள். இடுப்பில் பெட்டி வைத்திருந்த பெண் ஒன்றும் அதிசயப்படவில்லை. "எனக்கும் எறங்கும். எங்க வீட்டுல பூனை வந்து படுத்துக்கும்" என்றாள்.

சாய்ந்திருந்தவளின் நல்ல காதோரம் மூச்சு பட்டது.

"பூனையாம்."

ஒரு மாதத்துக்கு மேல் கேட்காத குரல். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தக் கட்டுக்காரர் வலது காலுக்குக் கட்டுப் போட்டுகிட்டு எடது காலைத் தடவிகிட்டு இருக்காரு. ஹெட்மிஸ்ட்ரஸ் செருப்புல ஒரு பக்கம் பொத்தான் இல்ல, நீ தச்சுக் குடுத்தா இன்சுலின் எனக்குச் சும்மா கிடைக்கும். உன் பொண்ணு நம்மளை போட்டோ எடுக்கறா."

"எடுத்தா எடுக்கட்டும்."

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எனக்கும்தான்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் தலகாணின்னு சொன்னீங்க?"

அவர் கன்னத்தை அவள் தலைமேல் வைத்துக்கொண்டார். கனம் கூடியது. மூன்று கைபேசியும் ஒரே நேரத்தில் கப்பல் போல ஊதின. கட்டுக்காரர் பதறி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் முழங்கால் பழக்க தோஷத்தில் ஜூஸைத் தேடி எழப் பார்த்தது.

"எந்திரிக்காதே" என்றார் அவர்.

அவள் எழவில்லை. கப்பல் ஊதிக்கொண்டே இருந்தது. திரையில் அறுபத்து மூன்று. நர்ஸ் அவருடைய வலது கை விரலைப் பிடித்துக் குத்தினாள். அவளும் இந்தத் தரம் கண்ணைத் திறந்து பார்த்தாள், ஒரு சொட்டு, குண்டூசித் தலை அளவுக்கு. நூற்று இருபத்தாறு. இரண்டு எண்ணும் ஒரே படத்தில் விழும்படி மகள் பிடித்துக் கொடுக்க, நர்ஸ் அங்கேயே நின்றபடி துறைமுக டாக்டருக்கு அனுப்பினாள். காரணம் என்ற இடத்தில் மனைவியின் தலை என்றே தட்டினாள். வேறு எப்படி எழுதுவது?

பதில் உடனே வந்தது. டாக்டர் ஒத்துக்கொண்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை மேலே ஏறலாம். கூடவே ஒரு வரி, அடுத்த பொத்தானை வலது கையில் ஒட்டவும் என்று.

மகள் அப்பாவின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினாள். பெட்டிக்காரப் பெண் கைதட்டினாள். மேலே இருந்து என்ன தெரியும் என்று கட்டுக்காரர் கேட்க, எல்லாம் தெரியும் என்றார் அவர். குரல் பழைய குரலாக இருந்தது.

"ஆச்சும்மா. போதும், எந்திரிங்க" என்றாள் நர்ஸ்.

நர்ஸ் நின்றது அவளுக்கு இடது பக்கம். அந்தக் காதுதான் கேட்காதே. அவள் தலையை இன்னும் கொஞ்சம் வசதியாக வைத்துக்கொண்டாள்.